ஆக்சிஜன் குறைந்தால் செல் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவிட் இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்துக்கு முன்பு ‘ஆக்சிஜன் லெவல் எவ்வளவு?’ என்று எங்கள் தெருவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அந்த ஒரு மாதத்தில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் வந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் என்பதால் கேள்விகள் எல்லாம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தன. அக்கம்பக்கத்தார் கேட்டவை, மாணவர்கள் கேட்டவை, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். இது வைத்திய ஆலோசனை இல்லை. மூச்சுத் திணறினால் டாக்டரிடம் போங்கள், இந்தப் பக்கத்தை அப்புறம் படிக்கலாம்.

ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல் ஏன் சாகிறது?

செல் ஓர் அன்றாடங்காய்ச்சி. ஏடிபி என்ற மூலக்கூறுதான் அதன் கைக்காசு. ஒரு நாளில் நம் உடல் உண்டாக்கிச் செலவழிக்கும் ஏடிபியை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ நம் எடை அளவுக்கு வரும். கையிருப்போ மிகக் கொஞ்சம். செலவான மூலக்கூறையே திரும்பத் திரும்ப ரீசார்ஜ் செய்துதான் காலம் ஓடுகிறது.

அந்த ரீசார்ஜ் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகளுக்குள் நடக்கிறது. கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். உணவிலிருந்து பிரித்த எலக்ட்ரான்கள் அப்படித்தான் கைமாறிப் போகின்றன. வரிசையின் கடைசியில் நின்று வாங்கிக்கொள்வது ஆக்சிஜன். வாங்கியதும் அது தண்ணீராகிவிடும். அந்தக் கடைசி ஆள் வராவிட்டால் மற்ற எல்லோரும் கையில் கல்லோடு அப்படியே நிற்க வேண்டியதுதான்.

காசு தீர்ந்ததும் முதலில் நிற்பது செல் சவ்வில் இருக்கும் பம்ப். சோடியத்தை ஓயாமல் வெளியே இறைத்துக்கொண்டிருப்பது அதுதான். அது நின்றால் சோடியம் உள்ளே வரும், பின்னாலேயே தண்ணீர் வரும், கால்சியமும் புகுந்துவிடும். செல் ஊதிச் சிதையும். மூச்சடைத்துச் சாகிறது என்று நாம் சொல்வது, அருகில் போய்ப் பார்த்தால், உள்ளே வெள்ளம் புகுந்து சாவது.

உடனே சாகாமல் செல் எப்படிச் சமாளிக்கிறது?

வரவைக் கூட்டுவது, செலவைக் குறைப்பது என இரண்டு வழி. எந்தக் குடும்பமும் செய்வதுதான்.

வரவுக்கு ஒரு பழைய வழி உண்டு. குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே பாதிவரை உடைக்கலாம். ஆனால் மைட்டோகாண்ட்ரியா வழியாக முழுதும் உடைத்தால் ஒரு குளுக்கோஸுக்கு 30 ஏடிபி அளவில் கிடைக்கும். இந்த வழியில் 2 மட்டுமே. அதனால் செல் சர்க்கரையை அள்ளி அள்ளி விழுங்க ஆரம்பிக்கும். காற்றை நிறுத்தினால் ஈஸ்ட் சர்க்கரையை அதிகமாகத் தீர்ப்பதை லூயி பாஸ்டர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார். உடைத்த மிச்சம் நம் செல்களில் லாக்டேட்டாக வெளியேறுகிறது.

செலவுக் குறைப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், உயிரைக் காப்பாற்றுவதில் பெரிய பங்கு அதற்குத்தான். புதுப் புரதம் தயாரிப்பதற்கு நிறைய ஏடிபி போகும், அதை நிறுத்து. செல் பிரிவதைத் தள்ளிப்போடு. அவசரமில்லாத எந்த வேலையையும் தொடாதே. கீழே வரும் மீன், நெல் கதைகளிலும் இதுவே திரும்பத் திரும்ப வரும்.

ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுவுக்கு இந்தக் கவலையே இல்லையாமே?

ஆமாம். முதிர்ந்த சிவப்பணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஏறத்தாழ 120 நாள் வாழ்க்கையையும் அந்த 2 ஏடிபி வழியிலேயே ஓட்டிவிடுகிறது. தலையில் பலகாரக் கூடை, வாயில் ஒரு துண்டுகூடப் போடுவதில்லை.

இட்லி மாவு புளிப்பதும் இதே விஷயமா?

பாதி சரி. உளுந்து மாவில் பெருகும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. கூடவே வரும் கார்பன் டை ஆக்சைடு மாவைப் பொங்கவைக்கிறது. ஆனால் நம் தசை செல்லைப் போல அவை ஆக்சிஜன் தீர்ந்துபோய் இந்த வழிக்கு வந்தவை அல்ல. மூடியைத் திறந்து வைத்தாலும் அவற்றின் பிழைப்பு இதுதான். கள் வேறு: அங்கே ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்குகிறது.

ஜிம்முக்குப் போன மறுநாள் உடம்பு வலிப்பது லாக்டிக் அமிலத்தாலா?

இல்லை. பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமும் கல்லீரலும் அதை வாங்கிப் பயன்படுத்திக்கொள்ளும். மறுநாள் வலி, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவால் வருவது. ஜிம் மாஸ்டரிடம் இதைச் சொல்லி நான் ஜெயித்ததில்லை.

ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

மலைக்குப் போனால் சிவப்பணு கூடும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். கூட்டச் சொல்வது எரித்ரோபொய்ட்டின், சுருக்கமாக ஈபிஓ, என்ற ஹார்மோன். அதைச் சுரப்பது சிறுநீரகம். சரி, சிறுநீரகத்துக்கு யார் சொன்னது? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிரெக் செமென்சாவும் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ராட்கிளிஃபும் ஈபிஓ மரபணுவை வைத்துத் துருவினார்கள். இருவருக்கும் ஒரு வியப்பு காத்திருந்தது. சிறுநீரகத்துக்கு மட்டுமே உரியது என்று நினைத்த உணர்வு, உடலின் ஏறக்குறைய எல்லா வகை செல்லிலும் இருந்தது. அந்த மரபணுவை முடுக்கிவிடும் புரதத்தைச் செமென்சா கண்டுபிடித்தார். ‘ஆக்சிஜன் குறைவு தூண்டும் காரணி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி அதை ஹிஃப் என்கிறார்கள்.

ஆக்சிஜன் குறையும்போது செல் ஹிஃப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். நடப்பது அப்படி இல்லை. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் செல் அதைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. தயாராகிச் சில நிமிடங்களில் அழிக்கப்பட்டுவிடுகிறது. ஒரு என்சைம், ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து, அதிலிருந்து ஓர் அணுவை ஹிஃப் மேல் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டுகிறது. வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் ஹிஃபைப் பிடித்துக் குப்பைக்கு அனுப்பும். ஆக்சிஜன் இல்லையென்றால் முத்திரை குத்த மை இல்லை. முத்திரை இல்லாத ஹிஃப் பிழைத்துக்கொண்டு, மரபணுக்கள் இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பிவிடுகிறது.

கோயில் மணியின் நாக்கை ஒருவர் கையால் பிடித்துக்கொண்டே இருக்கிறார், அவர் அசந்தால் மணி தானாக அடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைதான் ஆக்சிஜன்.

வீண் செலவு மாதிரி தெரியும்: செய்வானேன், அழிப்பானேன்? அவசரத்தில் புதிதாக ஒரு புரதம் தயாரிக்க நேரம் ஆகும். அழிப்பதை நிறுத்த நேரமே ஆகாது. காசு தீரும் நேரத்தில் தயாரிப்பு வேலையை ஆரம்பிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

வி.எச்.எல். பக்கத்திலிருந்து வந்தவர் புற்றுநோய் மருத்துவரான வில்லியம் கெய்லின். அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதான குடும்பங்களில் சிறுநீரகம், மூளை, கண் என்று பல இடங்களில் ரத்தக் குழாய் மண்டிய கட்டிகள் வரும். ஆக்சிஜன் நிறைய இருந்தும் அந்தச் செல்கள் பஞ்சத்தில் அடிபட்டது போலவே நடந்துகொள்வதை அவர் கவனித்தார். 2001-இல் கெய்லின் குழுவும் ராட்கிளிஃப் குழுவும் தனித்தனியாக அந்த முத்திரையைக் கண்டுபிடித்தன. 2019-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு மூவருக்கும் பகிர்ந்து கிடைத்தது.

ஹிஃப் எழுப்பிவிடும் மரபணுக்கள் என்ன செய்யும்?

சர்க்கரையை உள்ளே இழுக்கும் கதவுகளைக் கூட்டும். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் செல்லும் சரக்கைக் குறைக்கும். புது ரத்தக் குழாய் முளைக்கச் சொல்லி அக்கம்பக்கத்துக்குத் தகவல் அனுப்பும். சிறுநீரகத்தில் ஈபிஓ.

டயாலிசிஸ் செய்துகொள்ளும் எங்கள் அப்பாவுக்கு ஈபிஓ ஊசி போடுகிறார்கள். இதே ஈபிஓவா?

அதேதான். சிறுநீரகம் பழுதானால் ஈபிஓ குறைந்து ரத்தசோகை வரும். 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த நாளிலிருந்து ஊசியாகக் கொடுக்கிறார்கள். இப்போது மாத்திரையும் உண்டு. முத்திரை குத்தும் என்சைமை அது தடுக்கிறது. அதாவது, ஆக்சிஜன் இருக்கும்போதே இல்லை என்று செல்லை நம்பவைக்கிறது. இந்த வகை மாத்திரைகளில் ராக்ஸாடுஸ்டாட் 2018-இல் சீனாவில் முதலில் அனுமதி பெற்றது. அகமதாபாத்தின் சைடஸ் மருந்து நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட்டுக்கு 2022-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. உங்கள் அப்பாவுக்கு ஊசியா மாத்திரையா என்பதைச் சிறுநீரக டாக்டர்தான் சொல்ல வேண்டும். சைக்கிள் பந்தயக்காரர்கள் ஈபிஓ போட்டு மாட்டிக்கொண்ட கதை தனிக்கதை.

சிவப்பணு கூடினால் நல்லதுதானே?

ஓர் எல்லை வரை. அதற்கு மேல் போனால் ரத்தம் கெட்டியாகி ஓட்டம் தடைபடும். ஆண்டிஸ் மலையில் நெடுங்காலம் வசிப்பவர்கள் சிலருக்கு இதனாலேயே நோய் வருகிறது. திபெத்தியர்கள் வேறு வழி பிடித்தார்கள். 4000 மீட்டர் உயரத்தில் வாழ்ந்தாலும் அவர்களில் பலருக்கு ஹீமோகுளோபின் நம்மைப் போன்ற சமவெளிக்காரர் அளவை ஒட்டியே இருக்கும். ஹிஃபின் ஒரு வகையைத் தயாரிக்கும் மரபணுவில் அவர்களுக்கு ஒரு மாறுபாடு இருப்பதை 2010-இல் கண்டார்கள். அழிந்துபோன டெனிசோவன் மனிதர்களிடமிருந்து அது வந்திருப்பது 2014-இல் தெரிந்தது.

தம் கட்டும்போது மூச்சு முட்டுகிறதே, அது ஆக்சிஜன் குறைவதால்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு வகுப்பில் ஒருமுறை தம் கட்டிக் காட்டினேன். ஆரம்பத்தில் 98. முப்பது விநாடியில் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. அப்போதும் 98. ஐம்பதாவது விநாடியில் முகம் சிவந்து, முன் பெஞ்சில் ஒரு பெண் ‘சார், போதும் சார்’ என்றாள். மூச்சை விட்டேன். எண் 97. விரலுக்கு ரத்தம் வந்து சேர ஆகும் தாமதத்தைக் கழித்தாலும் விஷயம் தெளிவு: என்னைத் திணறவைத்தது ரத்தத்தில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு.

கழுத்துத் தமனியின் கிளையில் ஆக்சிஜனை நேரடியாகக் கவனிக்கும் ஒரு சிறு உறுப்பு இருக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றிய ஆய்வுக்காகக் கோர்னேல் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அளவு நன்றாகக் குறைந்த பிறகே அது உரக்கக் கத்தும். கோவிட் காலத்தில் அளவு 80-க்கு வந்த பிறகும் சிலர் சாதாரணமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்க்கொண்டிருந்ததால் அவர்களுக்குத் திணறல் தெரியவில்லை.

கிணற்றில் தம் கட்டும் போட்டி வைக்கும் பையன்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குதிப்பதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விட்டால் அதிக நேரம் தாங்கலாம் என்று ஒரு வித்தை சொல்வார்கள். அதில் ஆக்சிஜன் கூடுவது அற்பம். குறைவது கார்பன் டை ஆக்சைடு. அதாவது எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு முங்குகிறீர்கள். திணறல் வருவதற்கு முன்பே தண்ணீருக்குள் நினைவு தப்பும்.

பழைய கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கியவர்கள் ஏன் சட்டென்று விழுகிறார்கள்?

அங்கே ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். இரண்டு மூச்சில் மயக்கம் வரும். இன்னொன்று, ஹைட்ரஜன் சல்ஃபைடு. செங்கல் வரிசையில் கடைசி ஆளுக்குக் கல்லைத் தரும் கையை அது கட்டிப்போடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் எடுத்துக்கொள்ள முடியாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமும் தெரியாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கத்தை நம்பாதீர்கள். விளக்கு அணையாமல் எரியும் இடத்திலும் இந்த வாயு ஆளைக் கொல்லும்; மீத்தேன் இருந்தால் விளக்கே தீ வைக்கும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவதால்தான் ஒரே தொட்டியில் மூன்று பேர் சாகிறார்கள்.

மூளை நான்கு நிமிடம்தான் தாங்கும் என்பது உண்மையா?

சாதாரண உடல் வெப்பத்தில் ஏறத்தாழ அதுதான் கணக்கு. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் நாம் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தின்கிறது. ஆனால் குளிர்ந்தால் செலவு குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் 6, 7 சதவீதம். 1999 மே மாதம் நார்வேயில் பனிச்சறுக்கு விளையாடிய அன்னா போகன்ஹோல்ம் என்ற மருத்துவர் உறைந்த ஓடைக்குள் விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒரு காற்றுப் பொந்தில் மூச்சு விட்டார், பிறகு இதயம் நின்றது. மருத்துவமனையில் அவர் உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். பிழைத்து, மருத்துவத் தொழிலுக்கே திரும்பினார். மூச்சு நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்துவிட்டது அவர் அதிர்ஷ்டம். நம் ஊர்க் கிணற்றில் அது நடக்காது.

அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாய்ந்த பிறகும் இதயம் பாதிக்கப்படுமா?

ஆமாம். பட்டினியில் கிடக்கும் செல்லில் சக்ஸினேட் என்ற பொருள் குவிந்திருக்கும். ஆக்சிஜன் வந்ததும் அது ஒரேயடியாக எரிந்து, தாறுமாறான வேதி மூலக்கூறுகளைக் கக்கும். ஆனாலும் அடைப்பை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறார்களோ அவ்வளவு நல்லது. அதில் சந்தேகம் வேண்டாம்.

புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் ஆக்சிஜன் குறைவாமே?

ரத்தக் குழாய் எட்டாத நடுப்பகுதியில் குறைவு. அங்கே ஹிஃப் விழித்துக்கொண்டு, புதுக் குழாய்களை வரவழைத்துக் கட்டிக்கே துணைபோகும். ஆக்சிஜன் குறைந்த செல்கள் கதிர்வீச்சுக்கும் அவ்வளவு எளிதில் மசிவதில்லை. வி.எச்.எல். நோய்க் கட்டிகளுக்கு, ஹிஃபின் ஒரு வகையை நேரடியாகத் தடுக்கும் பெல்ஸூட்டிஃபான் மாத்திரைக்கு 2021-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

ஆக்சிஜனே இல்லாமல் வாழும் பிராணி உண்டா?

கொஞ்ச நேரம் தாங்குபவை உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் கூட்டமாக வாழும் முடியில்லாத மோல் எலி, ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத காற்றில் 18 நிமிடம் கிடந்தும் எழுந்து நடந்ததை 2017-இல் பார்த்தார்கள். அசையாமல் கிடந்து, குளுக்கோஸுக்குப் பதில் ஃப்ரக்டோஸை வைத்து அதன் மூளை சமாளிக்கிறது.

தொட்டியில் வளர்க்கும் தங்கமீன் இன்னும் கில்லாடி. அதுவும் அதன் உறவான குரூசியன் கெண்டையும், குவியும் லாக்டேட்டைச் சாராயமாக்கிச் செவுள் வழியாகத் தண்ணீரில் விட்டுவிடும். உடம்பில் அமிலம் தேங்காது. குளிர் நாட்டில் உறைந்த குளத்தின் அடியில் குரூசியன் கெண்டை மாதக்கணக்கில் இப்படிக் கிடக்கும். அப்போது அதன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருக்கும். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 30 தாண்டினாலே வழக்கு.

செடிகளுக்கும் இந்தப் பிரச்சினை உண்டா? இலைதான் ஆக்சிஜன் தருகிறதே?

பகலில் இலை தரும். சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு யார் தருவது? பிச்சாவரத்தில் படகில் போனால் சேற்றுக்கு மேலே ஆயிரக்கணக்கில் குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவை அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள். நெல் வேறு வேலை செய்கிறது. வயலில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் குறுக்கே பிளேடால் நறுக்கி லென்ஸில் பாருங்கள். உள்ளே சல்லடை மாதிரி காற்றுக் குழல்கள் தெரியும். தண்டு வழியாகக் காற்று வேர் நுனி வரை இறங்குகிறது.

பயிர் முழுதும் முங்கினால்தான் சங்கடம். நான் விலங்கியல்காரன், ஆனாலும் நெல்லை விட மனமில்லை, ஏனென்றால் அங்கேயும் அதே கோயில் மணிக் கதைதான். ஆக்சிஜன் இருக்கும்வரை ஒரு குறிப்பிட்ட புரதக் குடும்பம் செய்யப்பட்டு, ஆக்சிஜனாலேயே குறியிடப்பட்டு, அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். இது 2011-இல் தெரிந்தது. புரதமும் வேறு, குறியும் வேறு. தாவரமும் விலங்கும் தனித்தனியாக ஒரே உத்திக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

வெள்ளத்தில் முங்கிய சாதாரண நெல், மேலே எட்டிப்பிடிக்க அவசரமாக நீண்டு, சேமித்ததை எல்லாம் தீர்த்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். ஒடிசாவின் பழைய ரகமான எஃப்.ஆர். 13ஏ நீளவே நீளாது. அப்படியே அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்த பிறகு வளரும். அதற்குக் காரணமான சப்-1ஏ மரபணுவை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அது தயாரிக்கும் புரதமும் மேலே சொன்ன குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் ஆக்சிஜன் இடும் குறிக்குச் சிக்காமல் தப்பிக்கிறது. இந்த மரபணுவைக் கலப்பு மூலம் சேர்த்த ஸ்வர்ணா சப்-1 ரகம் 2009-இல் இந்தியாவில் வெளியானது. ஏறத்தாழ இரண்டு வாரம் முங்கினாலும் தாங்கும். நம் டெல்டாவில் பொன்மணி, சாவித்திரி என்றெல்லாம் அழைக்கப்படும் சி.ஆர். 1009-க்கும் சப்-1 வடிவம் உண்டு.

வீட்டிலேயே பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. அவிக்காத விதைநெல் பத்து மணி எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிடுங்கள். கொதித்தால் கரைந்திருந்த காற்று பெரும்பாலும் போய்விடும். உயரமான கண்ணாடி டம்ளர் நிறைய ஊற்றி நெல்லை அடியில் போடுங்கள். இன்னொரு பத்து மணியை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். துணியில் இருப்பது வேரும் முளையுமாக வரும். ஊறவைத்த விதைநெல்லை நீர் வடித்துச் சாக்கில் கட்டி வைப்பது இதற்குத்தான்.

டம்ளரில் இருப்பது வேர் விடத் தயங்கும். நாலைந்து நாளில் வெள்ளையாக, நூல் மாதிரி ஒரு குழல் மட்டும் மேலே நோக்கிக் கிளம்பும். கிடைக்கிற கொஞ்ச நஞ்ச ஏடிபியை நெல் அந்த ஒரு குழலுக்கே செலவழிக்கிறது. டம்ளரை ஜன்னலோரம் வைத்துப் பொறுமையாக இருங்கள். குழலின் நுனி காற்றைத் தொட்ட பிறகுதான் கீழே வேர் எட்டிப்பார்க்கும்.